பின் சைட்டில் மூன்று குத்து

நீ அனுப்பிய அந்தப் பழைய துப்பாக்கியின் பதினோரு படங்களும் என் போனுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. "அப்பா, சைட் ரெண்டும் ஒரிஜினலா? பாத்துச் சொல்லுங்க. மாசக் கடைசிக்குள்ள விக்கிறவங்களுக்குப் பதில் சொல்லணும்" என்று கீழே எழுதியிருந்தாய். இரண்டு முறை கூப்பிட்டும் கேட்டாய். கண்ணில் புரை முற்றிவிட்டது, படம் மங்கலாகத் தெரிகிறது என்று சாக்குச் சொன்னேன். கண் சரியில்லைதான். ஆனால் மூன்றாவது படத்தில் இருந்த, குறி பார்க்கிற பின் சைட்டை அடையாளம் காண எனக்குக் கண்ணே வேண்டியதில்லை. இருட்டில் அந்தச் சைட்டைக் கையில் கொடுத்தாலும் விரல் சொல்லிவிடும். ஒன்பது நாளும் என்ன எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன். இனியும் முடியாது. போனில் தட்டித் தட்டி எழுதக் கை ஒத்துழைக்கவில்லை, அதனால் இப்படித் தாளில் எழுதுகிறேன்.

உனக்கு அவசரம் என்பதால் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். முன் சைட் ஒரிஜினல். பின் சைட் ஒரிஜினல் இல்லை. லாரியின் பழைய பட்டை வில்லிலிருந்து ஒரு துண்டை அறுத்து, அரத்தால் ராவிச் செய்தது அது. செய்தவன் உன் அப்பன். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால், நம் தீவில், ஹேடோவில், நான் வேலை பார்த்த பட்டறையில் வைத்துச் செய்தேன். செய்ததோடு போயிருந்தால் இதைச் சிரித்துக்கொண்டே உனக்குச் சொல்லியிருப்பேன். அந்தச் சைட்டுக்காக உன் தாய்மாமன் செல்லையா திருடன் என்று பெயர் வாங்கினான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அடுத்த மாதம் உன் கல்யாணத்தில் உனக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துவர வேண்டியவன் அவன். அவன் வருவதும் வராததும் இந்தக் கடிதத்தைப் பொறுத்து இருக்கிறது. அதனால் பொறுமையாகப் படி. இடையில் போன் செய்யாதே.

அந்த லீவர் ரைஃபிள் நீலகிரியில் ஏதோ எஸ்டேட் பங்களாவில் இருப்பதாகத்தான் உனக்குத் தெரியும். அது இங்கிருந்து கடல் தாண்டிப் போன சாமான். பாம்பூஃப்ளாட்டில் மரக் காண்ட்ராக்ட் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் வீட்டில் மூன்று தலைமுறை இருந்தது. அந்த மனிதர் இறந்ததும் மகன் அதை விற்றுவிட நினைத்தான். மெயின்லேண்டிலிருந்து வாங்குகிறவர் ஒருவர் கப்பலில் வந்துகொண்டிருந்தார். கப்பல் வருவதற்கு நாலு நாள் முன்னால், துருவை எடுத்துத் துடைத்துக் கொடுங்கள் என்று மகன் எங்கள் பட்டறையில் கொண்டு வந்து வைத்தான். இங்கே உப்புக் காற்றில் இரும்பு என்ன பாடு படும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் முதல் சைக்கிள் ஒரு மழைக்காலம் தாங்கவில்லை.

துப்பாக்கி பழுது பார்க்க லைசென்ஸ் வைத்திருந்த பட்டறை அது. முதலாளி தெலுங்குக்காரர், எங்களோடு இந்தியில் பேசுவார். லேத்தில் நான். அரம் பிடிக்கும் வேலை, சுத்தம் பார்க்கும் வேலை எல்லாம் செல்லையா. அவனை ஊரிலிருந்து கூட்டி வந்து அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். உன் அம்மாவுக்குத் தம்பி பக்கத்திலேயே இருக்கிறான் என்று ஏகப் பெருமை. அந்த வாரம் அவன் நீல் தீவுக்கு ஒரு ஜெனரேட்டர் வேலைக்குப் போயிருந்தான். அதனால் ரைஃபிளை நானே எடுத்தேன்.

பின் சைட் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று படத்தில் பார்த்திருப்பாய். குழாயின் மேல் குறுக்காக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், அடி அகலமாக, வாய் குறுகலாக. சைட் அதற்குள் பக்கவாட்டில் நுழைந்து இறுகி நிற்கும். சுடுகிறவன் பக்கமிருந்து பார்த்தால் இடமிருந்து வலமாகத் தட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும், வலமிருந்து இடமாகத்தான் உள்ளே ஏற்ற வேண்டும். துரு ஏறிய சாமான் என்றால் இரண்டு நாள் எண்ணெயில் ஊறப்போட வேண்டும். பித்தளைக் குச்சி வைத்துத்தான் தட்ட வேண்டும். இதெல்லாம் செல்லையாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம். பள்ளத்துக்குள் இருந்த துருவை எடுக்கச் சைட்டைக் கழற்றப் போய், அன்றைக்கு நான் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம்கூட விடவில்லை. பித்தளைக் குச்சி கைக்கு அகப்படவில்லை என்று இரும்புக் குச்சியை எடுத்தேன். துப்பாக்கியைத் திருப்பி வைத்திருந்த ஞாபகமே இல்லாமல் எதிர்ப் பக்கத்திலிருந்து அடித்தேன். மூன்றாவது அடியில் சைட்டின் ஒரு காது ஒடிந்து என் காலடியில் விழுந்தது. இரண்டு கொம்பு போல மேலே நிற்குமே, அதில் ஒன்று.

முதலாளியிடம் அப்போதே போய் ஒடிந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். திட்டுவார், அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுவார், அவ்வளவுதான். எனக்கு வீம்பு. ஹேடோவில் நல்ல கைக்காரன் என்று பெயர் எடுத்துவிட்டேன், அது போய்விடக் கூடாது. ஒடிந்ததைக் கிரீஸ் டப்பாவுக்குள் அமுக்கி ஒளித்து வைத்துவிட்டு, இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போனபின் உட்கார்ந்து புதுசு ஒன்று செய்தேன். புது இரும்பு பளபளக்கும் இல்லையா? வீட்டிலிருந்து புளியை எடுத்துப் போய் உப்போடு கரைத்து அதில் போட்டு வைத்தேன். துரு பூத்ததும் துடைத்துவிட்டு, பழைய இஞ்சின் ஆயில் தடவிச் சூடு காட்டினேன். நூறு வருடத்து இரும்பு மாதிரி வந்துவிட்டது. பள்ளத்தில் ஏற்றினால் மயிரிழை தளர்ச்சி. விளிம்பில் பஞ்ச் வைத்து மூன்று குத்துக் குத்தி இறுக்கினேன். மூன்றாவது குத்து சறுக்கி மீன்வால் மாதிரி ஒரு கீறல் விழுந்தது. அதைத்தான் உன் மூன்றாவது படத்தில் பார்த்தேன்.

உன் அம்மா அப்போது ஏழு மாதம். வயிற்றில் நீ. புளிப்புக்கு ஆசைப்பட்டு அவள் ஜாடியைத் திறந்தால் பாதிதான் இருக்கிறது. "எலி புளி திங்குமாங்க?" என்று கேட்டாள். "இந்த ஊரு எலி எல்லாம் திங்கும்" என்று சொன்னேன். அவளும் சிரித்தாள்.

வாங்க வந்தவர் வயசானவர். அவசரமே படாதவர். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் சைட்டைப் பார்க்கவில்லை. முதலில் குழாயைத்தான் பார்த்தார். வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்றுகொண்டு, குழாயின் நிறத்தையும் சைட்டின் நிறத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். காலம் ஏற்றுகிற பழுப்பு மேடு பள்ளம் பார்த்து ஏறும், மனிதன் ஏற்றினால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறிவிடும் என்று பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னார். அப்புறம் லென்ஸை எடுத்து பள்ளத்தின் விளிம்பைப் பார்த்தார். ஃபேக்டரியில் ஏற்றிய சைட்டுக்குக் குத்து விழ வேண்டிய வேலையே இல்லை என்றார். பின் சைட்டுக்கு அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு தகடு இருக்கும், தூரத்துக்குத் தகுந்தாற்போல் ஏற்றி இறக்க. அந்தத் தகடு பழையது. ஒருவன் வருடக்கணக்கில் ஒரே படியில் வைத்துச் சுட்டிருந்தால் அந்தப் படி மட்டும் தேய்ந்து மினுங்கும், அதே இடத்துக்கு நேராகச் சைட்டின் அடியிலும் தேய்மானம் இருக்க வேண்டும். தகட்டில் இரண்டாவது படி மினுங்கியது. என் சைட்டின் அடி சொரசொரப்பாக இருந்தது. முன் சைட்டை, மக்கீ என்று இங்கே எல்லோரும் இந்தியில் சொல்லுகிற அந்த ஈத்தலை அளவு மணியை, நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "யே அஸ்லி ஹை" என்றார். இது அசல். பின்னதைக் காட்டி இல்லை என்று தலையை ஆட்டினார்.

உனக்குச் சைட் பார்க்கத் தெரிந்த அப்பன் என்று உன் துப்பாக்கி கிளப்பில் சொல்லிக்கொள்வாயே, எனக்குத் தெரிந்ததெல்லாம் என்னைப் பிடித்த அந்த மனிதரிடம் அந்த ஒரு மணி நேரத்தில் கற்றதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ பேருடைய துப்பாக்கியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அதில் எனக்கு ஒரு நாளும் சந்தோஷம் இருந்ததில்லை.

காண்ட்ராக்டர் மகனுக்கு ஆத்திரம். எங்கள் தாத்தா காலத்துச் சைட்டை உங்கள் பட்டறையில் எவனோ திருடிவிட்டு டூப்ளிகேட் போட்டுவிட்டான் என்று கத்தினான். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "கிஸ்னே கோலா?" என்று கேட்டார். யார் கழற்றியது? செல்லையா அன்றைக்குக் காலையில்தான் நீலிலிருந்து வந்து இறங்கியிருந்தான், ஆனால் போவதற்கு முந்தின நாள் ரெஜிஸ்டரில் துப்பாக்கியை வாங்கிக் கையெழுத்துப் போட்டவன் அவன். அதற்கு மேல், இந்த மாதிரிப் பழைய சைட்டை மெயின்லேண்டில் தனியாகவே வாங்குவார்களாமே என்று இரண்டு வாரம் முன்னால் முதலாளியிடமே விளையாட்டாகக் கேட்டிருக்கிறான். முதலாளியின் பார்வை அவன் பக்கம் போனது. அவன் என்னைப் பார்த்தான். நான் லேத்தைப் பார்த்தேன். நான் பொய் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெட்கங்கெட்ட சமாதானம்.

போலீசுக்குப் போனால் லைசென்ஸ் தலைவலி என்று அவர்கள் போகவில்லை. விலையைக் குறைத்துக்கொண்டு அந்தப் பெரியவர் வாங்கிப் போய்விட்டார். அவருடைய பிள்ளைகள்தான் இன்றைக்கு உன்னிடம் எல்லாம் ஒரிஜினல் என்று சொல்லுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்காது, பாவம், அவர்களைத் திட்டாதே. செல்லையா அன்றைக்கே கணக்குத் தீர்த்துக்கொண்டு, தன் அரம் ஸ்பானர்களைப் பொறுக்கிக்கொண்டு போனான். அடுத்த வாரம் கிரீஸ் டப்பாவைத் துழாவினேன், ஒடிந்த சைட் இல்லை. குப்பையோடு போய்விட்டது என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். அவன் வண்டூரில் போய் போட் இஞ்சின் பார்க்க உட்கார்ந்தான். ஹேடோவில் நம் ஆட்கள் கூடுகிற இடமெல்லாம் "சைட் செல்லையா" என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பெண் கொடுக்க யோசித்தார்கள். கடைசி வரை அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனான். உனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ள மாமன் வரவில்லை, என் தம்பியை வைத்துச் சமாளித்தோம். நீ வளர்ந்த பிறகு, மாமா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று கேட்டபோதெல்லாம், அவன் கோபக்காரன் என்று சொல்லி வைத்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் உன் அம்மா போனபோது பிறந்த வீட்டுக் கோடியோடு வந்தானே, அக்கா காலடியில் சேலையை வைத்துவிட்டு நேரே சுடுகாடு போய், அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டான். நம் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. நீதான் பின்னாலேயே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாய்.

அம்மா ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டாள். "அவன் எடுத்திருப்பான்னு நீங்க நெனைக்கிதீங்களா?" என்று. "எனக்கெப்படித் தெரியும்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். அதற்கப்புறம் வருடப் புளி வாங்கும்போதெல்லாம் ஒரு கை தனியாக எடுத்து ஒரு பாட்டிலில் போட்டு, "இது உங்க வேலைக்கு" என்று பட்டறைப் பை பக்கத்தில் வைப்பாள். பித்தளை துலக்கத்தான் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்றைக்கு முந்தின நாள் காலையில் பஸ் பிடித்து வண்டூர் போனேன். செல்லையா படகுத்துறையில் ஒரு டூரிஸ்ட் போட்டின் இஞ்சினைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்துவிட்டு, "வாங்க அத்தான்" என்று மட்டும் சொன்னான். முந்தாநாள் பார்த்தவனைப் போலச் சொன்னான். போட்டுக்காரர் மேலேயிருந்து, "செல்லையா, ஹோ கயா க்யா?" என்று, முடிந்துவிட்டதா என்று கேட்டுக் குரல் கொடுத்தார். "பாஞ்ச் மினிட்" என்று இவன் ஐந்து விரலைக் காட்டினான். நான் போனை எடுத்து மூன்றாவது படத்தை நீட்டினேன். கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கி, இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்தான்.

"மூணாவது குத்து சறுக்கிட்டு" என்றான்.

"உனக்குத் தெரியுமா மாப்ள?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும். உங்க குத்து எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லித் தந்ததுதானே." எழுந்து படகுத்துறைக்குப் பின்னால் இருக்கும் அவன் அறைக்குப் போனான். திரும்பி வரும்போது கையில் ஒரு பிலிம் டப்பா. உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒற்றைக் காதோடு அந்தச் சைட், ஒடிந்த காது தனியாக. வண்டூர்க் கடல் காற்றில் இருபத்தெட்டு வருடம் இருந்தும் ஒரு பொட்டுத் துரு இல்லை. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் துணி மாற்றி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறான். பட்டறையை விட்டுப் போன அன்றைக்குத் தன் ஸ்பானரைத் தேடும்போது கிரீஸ் டப்பாவில் கிடைத்ததாம்.

"இத அன்னைக்கே முதலாளிகிட்ட காட்டியிருக்கலாமே" என்றேன்.

"அக்கா ஏழு மாசம். ரெண்டு பேர்ல ஒருத்தன் வேலையில இருக்கணும்லா. எனக்கென்ன, ஒத்தக் கட்ட."

"அவளுக்காவது சொல்லியிருக்கலாம்."

அவன் இஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டான். "அக்காவுக்குத் தெரியும் அத்தான். அவளே வண்டூருக்கு வந்தா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு. புளி கொறஞ்சத வச்சு அவளே பாதி கண்டுபிடிச்சிட்டா. மீதிய நான் சொன்னேன். உங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் சொன்னேன். அவரா சொல்லட்டும்னா. வருசா வருசம் வந்து, இன்னும் சொல்லலன்னு சொல்லிட்டுப் போவா."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இருபத்தைந்து வருடம் அவள் எனக்குச் சோறு போட்டாள், என் துணி துவைத்தாள், ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுகூட என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலியில் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நான் வாயைத் திறப்பேனா என்று பார்த்திருக்கிறாள். இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. அழுது என்ன பிரயோஜனம்?

செல்லையாவிடம் மன்னித்துவிடு என்று சொன்னேன். "சோடோ அத்தான்" என்றான். விட்டுத்தள்ளுங்க என்று வாய்தான் சொன்னது, கை நட்டு முடுக்குவதை நிறுத்தவில்லை. கல்யாணப் பத்திரிகையை நீட்டினேன். உன் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயரை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு சொன்னான்: "என்கிட்ட சொன்னது போதும். என்னைத் திருடன்னு சொன்னவங்ககிட்ட சொல்லுங்க. முதல்ல மருமகன்கிட்ட."

அதனால்தான் இந்தக் கடிதம். நாளைக் காலையில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன். சாயங்காலம் அதே பக்கங்களை நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போடுவேன், ஹேடோவில் அன்றைக்கு வாய்க்கு வந்தபடி பேசியவர்கள் பாதிப் பேர் அதில்தான் இருக்கிறார்கள். யாராவது என்னைப் பற்றி ஏதாவது எழுதினால் நீ எனக்காகப் பரிந்து பேசக் கூடாது. உன் மாமனார் வீட்டில் கேட்டால் மறைக்காமல் சொல். இத்தனை நாள் நீ ஒரு நல்லவன் மகன் என்று நினைத்துத் தலைநிமிர்ந்து நடந்தாய். அதைக் கெடுக்கிறேனே என்றுதான் ஒன்பது நாளும் யோசித்தேன். எனக்கு அசதியாக இருக்கிறது, தம்பி. இனியும் சுமக்க முடியவில்லை.

துப்பாக்கி விஷயம். வாங்குவதும் விடுவதும் உன் இஷ்டம். வாங்கினால், பின் சைட் மாற்றியது, மாற்றியவர் என் அப்பா என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வாங்கு. விசைக்குப் பின்னால், கட்டைக்கு முன்னால் இருக்கும் இரும்புப் பட்டையில் இரண்டு திருகு ஓட்டை இருக்கும், வேறு ஒரு சைட் மாட்ட. அந்தப் படத்தை நீ எடுக்கவே இல்லை. ஓட்டையை மூடியிருக்கும் திருகுகளின் தலை சிதைந்திருக்கிறதா, யாராவது கழற்றி மாட்டியிருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார். வேட்டைக்காரன் தன் கண்ணுக்குத் தோதாக ஒரு சைட்டை மாற்றிக்கொள்வது குற்றமில்லை. மாற்றவே இல்லை என்று சொன்னால்தான் குற்றம். பிலிம் டப்பாவை மாமா உனக்காக என்னிடம் கொடுத்திருக்கிறான், "மருமகன் வாங்குனா இதையும் சேத்து வச்சுக்கிடட்டும்" என்று. ஸ்பீட் போஸ்டில் அனுப்பாமல் கையிலேயே கொண்டுவருகிறேன்.

கடைசியாக டிக்கெட். எங்கள் இரண்டு பேருக்கும் பிளேன் டிக்கெட் நீ போடுவதாகச் சொன்னாய், மாமா வந்தால். பஸ் ஏறுகிற நேரத்தில் அவன் என் பின்னாலேயே ஸ்டாப் வரை வந்தான். "கல்யாணத்துக்கு வாரேன் அத்தான். அக்கா பிள்ளைக்கு நான்தான் மாலை போடணும். உங்க பக்கத்து சீட்டு மட்டும் வேண்டாம்" என்றான். ஆகையால் இரண்டு டிக்கெட்டையும் வேறு வேறு வரிசையில் போடு. அவன் இதுவரை பிளேன் ஏறியதில்லை, ஜன்னல் சீட் அவனுக்கு.

அப்பா